நாப்பதுக்கு வெளியே

மிஷின் தொங்குது, அமுக்கினா அசைய மாட்டேங்குதுன்னு போன் வந்தா எனக்கு மொதல்ல கோவம்தான் வரும். அப்பறம்தான் மூளை வேலை செய்யும். அன்னிக்கும் அப்படித்தான். சிரம்பான் தெமியாங்ல இருக்கிற எங்க ஆபிஸ்லேர்ந்து கெளம்பி, மலை வளைவெல்லாம் ஏறி இறங்கி, கோலா கிளாவாங் தாண்டி புக்கிட் லாடா செம்பனைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அங்க ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் தங்கராஜுவ மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் கார் ஓட்டினேன். மனுஷன் என்ன சொன்னாலும் கேக்க மாட்டாரு. மிஷின் தொங்கினா பேட்டரியக் கழட்டி, ரெண்டு தட்டு தட்டி, திருப்பி மாட்டுவாரு. மாடு படுத்துக்கிட்டா வாலை முறுக்குற மாதிரி.

மிஷின்னா பெருசா ஒன்னும் இல்ல. செங்கல் சைஸ்ல ஒரு கை மிஷின். காலையில ஆளுங்கள வரிசையா நிக்க வச்சுப் பெரட்டு எடுக்கும்போது மண்டோர் அதுல ஒவ்வொருத்தர் பேரா போடணும், யாரு எந்த பிளாக்குல வேலை செய்றாங்கன்னும் போடணும். மத்தியானம் இடம் மாத்தினா அவங்க அடையாள அட்டை நம்பர அடிச்சு அதையும் மாத்திப் போடணும். சாயங்காலம் லாரி ஏறும்போது ஒவ்வொரு பேரா திரும்பியாச்சுன்னு அமுக்கணும். எல்லாப் பேரும் முடிஞ்சா "செமுவா சுடா பூலாங்"னு பச்சை எழுத்துல வரும். எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சுன்னு அர்த்தம். செம்பனைக் காட்டுக்குள்ள லைன் கெடைக்காது, அதனால கைப்பேசியில ஆப் போட்டாலும் வேலைக்கு ஆகாது. இந்தப் பழைய புரோகிராம எழுதினவன் சிங்கப்பூருக்கு ஓடிட்டான். என் தலையில கட்டிட்டுப் போயிட்டான்.

ஆனா அந்தத் தோட்டத்துக்குப் போறதுன்னா எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. என் அக்கா தனலெட்சுமி அங்கதான் வேலை செய்யுது. அம்மா போனப்பறம் என்னை வளத்து, படிக்க வச்சு, ஆளாக்கினது அக்காதான். "போதும்க்கா, சிரம்பானுக்கு வந்துரு"ன்னு கூப்பிட்டா, "உன் பிளாட்டுல அடைஞ்சு கெடக்க என்னால ஆகாதுடி"ன்னு ஒரே போடா போட்டுரும். அன்னிக்கு அதுக்குப் பிடிச்ச கறிபாப் பலகாரம் ஒரு பை வாங்கி, முன் சீட்டுல வச்சிருந்தேன்.

நான் போய் எறங்கும்போது மத்தியானம் சாஞ்சுருச்சு. மலைக்கு மேல வானம் கருத்துக் கெடந்துச்சு. காத்து சுத்தமா நின்னு போச்சு. எனக்கு அந்த மாதிரி அமைதி பிடிக்காது. கொஞ்ச நேரத்துல மழைக்குப் பயந்து லாரியும் சீக்கிரமா வந்துருச்சு. ஆளுங்க குதிச்சு எறங்கி, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு வீட்டப் பாத்து ஓடினாங்க.

மண்டோர் தங்கராஜு தோட்டத்து ஆபிஸ் வாசல்ல வந்து மிஷின என் கையில குடுத்தாரு. அறுபது வயசு இருக்கும், ஆனா நடை இன்னும் வேகம்தான். "இந்தா பாப்பா. ரெண்டு நாளா தொங்கிச்சு, இன்னிக்கு நல்லாருக்கு. பாரு, பச்சை காட்டுது. உன்னைப் பாத்து பயந்துருச்சு போல."

"ரொம்ப சந்தோஷம் அங்கிள். நான் சும்மாதான் பெட்ரோல் ஊத்திக்கிட்டு வந்தேன்லா?" ன்னேன். அப்பறம் லாரிப் பக்கம் எட்டிப் பாத்தேன். "அக்கா எங்க?"

"லாரியிலதான் இருக்கும்."

லாரி காலியா இருந்துச்சு. டிரைவர் தேவன் அண்ணன் கதவ மூடப் போனவரு, சீட்டுக்குப் பின்னாடிலேர்ந்து ஒரு பைய எடுத்தாரு. ஊதாக் கலர் துணிப்பை. அக்கா பைதான். நான் தீபாவளிக்கு வாங்கிக் குடுத்தது.

உடனே போன் அடிச்சேன். தேவன் அண்ணன் கையில இருந்த பைக்குள்ளயே மணி அடிச்சுது.

அக்காவுக்குன்னு கார்லேர்ந்து எடுத்துக்கிட்டு வந்த கறிபாப் பை கையிலேர்ந்து எப்ப விழுந்துச்சுன்னே தெரியல.

"நடந்து வீட்டுக்குப் போயிருக்கும்மா"ன்னாரு மண்டோர். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டோம். அக்கா வரல. வீடு பூட்டித்தான் கெடக்குதாம். அப்பத்தான் மொதல் இடி விழுந்துச்சு. மழை கொட்ட ஆரம்பிச்சுருச்சு.

"இல்ல லா, மிஷின் எல்லாரும் வந்தாச்சுங்குதே..."

"மிஷின் கெடக்குது அங்கிள்! என் அக்கா எங்க?"

அவரு மிஷின்ல பேருகள ஒவ்வொன்னா தள்ளிப் பாத்தாரு. கடைசி வரைக்கும் பாத்தாரு. தனலெட்சுமின்னு ஒரு பேரே அதுல இல்ல. "பேரே இல்லியேம்மா. இன்னிக்கு வேலைக்கு வரலியோ?"

"பை மட்டும் தனியா நடந்து வந்து லாரியில ஏறிக்கிச்சா?"

தேவன் அண்ணன்தான் மெதுவா சொன்னாரு: காலையில அக்கா லாரியில வந்துச்சு, அவரே கண்ணால பாத்தாரு. மண்டோர் தலையில கைய வச்சுக்கிட்டாரு. இன்னொரு மண்டோர் லீவுல போனதால இந்த வாரம் ரெண்டு கூட்டத்தையும் இவர் ஒருத்தர்தான் மேய்க்கிறாரு. மத்தியானம் மழை வரப் போவுதுன்னு அவசரத்துல ஆளுங்கள உதிரிப் பழம் பொறுக்க அங்க ஒருத்தர், இங்க ஒருத்தர்னு பிரிச்சு அனுப்பிட்டாரு. யார எங்க அனுப்பினாருன்னு மிஷின்லதான் போட்டாரு. மண்டையில போட்டுக்கல.

"ஒம்போதாம் பிளாக்குன்னு நெனைக்கிறேன்"னாரு. நெத்தியத் தட்டிக்கிட்டு, "ஒம்போதுதான். இல்ல... பதினாலா?"

தேவன் அண்ணன் மொகம் மாறிப் போச்சு. ஒம்போது மலைக்கு அந்தப் பக்கம். இந்த மழையில மண் ரோடு கரைஞ்சுரும், அங்க போனா இன்னிக்கு லாரி திரும்பி வராது. பதினாலு பள்ளத்துல இருக்கு, பலகைப் பாலத்துக்கு அந்தாண்ட. போன வருஷம் அந்த ஆறு பொங்கி ஒரு டிராக்டரையே உருட்டிட்டுப் போயிருச்சு. அது ரெண்டும் இல்லன்னா மத்த பிளாக்கெல்லாம் வேற இருக்கு. ஒரு தடவைதான் போக முடியும். தப்பான பக்கம் போனா அக்கா அவ்வளவுதான். அதுக்கு நீச்சல் கூடத் தெரியாது.

மண்டோர் மிஷினத் திருப்பிப் பின் மூடியக் கழட்டப் போனாரு. "ஒரு தடவ பேட்டரியக் கழட்டி மாட்டினா பேரு வந்துரும்..."

"தொடாதீங்க!"

பேயறைஞ்ச மாதிரி நின்னுட்டாரு. நான் மிஷினப் புடுங்கிட்டேன். அது உள்ள எங்கயோதான் என் அக்கா போன இடம் இருக்கு. பேட்டரி போனா அதுவும் போயிரும்.

ஆபிஸ்ல கரண்ட் அதுக்குள்ள போயிருந்துச்சு. ஜன்னல் ஓரமா மேசையில லேப்டாப்பத் தொறந்து கேபிள மாட்டினேன். இந்தக் கேபிள்ல தகவல் மட்டும்தான் போகும், சார்ஜ் ஏறாது. மிஷின்ல பேட்டரி கடைசிக் கோட்டுல நின்னுச்சு. அவசரத்துல கேபிள் ரெண்டு தடவ வழுக்கிப் போச்சு. "முருகா, முருகா"ன்னு வாய் தானா சொல்லிக்கிட்டிருந்துச்சு.

பேரு பட்டியல் மொதல்ல வந்துச்சு. நாப்பது பேரு. மொதல் பேரு முனியாண்டி. அடையாள அட்டை நம்பர் இல்ல, பிளாக்கும் இல்ல.

"யாரு அங்கிள் இந்த முனியாண்டி?"

"சாமிம்மா."

"என்னா?"

"நம்ம எல்லைச் சாமி. அவரு பேரு போடாம நான் பெரட்டு எடுக்க மாட்டேன். எங்கப்பா மண்டோரா இருந்தப்பவும் அப்படித்தான். மொதல் பேரு அவரு. காட்டுக்குள்ள ஆளுங்களுக்கு முன்ன அவரு போகணும்லா. சாயங்காலம் அவரையும் வந்தாச்சுன்னு அமுக்கி வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் நான் மூடுவேன்."

எனக்கு அவர அறையணும் போல இருந்துச்சு. அடுத்த நிமிஷம் நாக்காலியில உக்காந்துட்டேன். புரிஞ்சுருச்சு. அந்தச் சிங்கப்பூர்க்காரன் நாப்பது பேருக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்கான். அதுக்கு மேல ஆள் வந்தா நிறுத்துன்னு சொல்ல ஒரு வரி எழுதல, முண்டம். நாப்பது நாக்காலி போட்ட கல்யாண மண்டபத்துல சாமிக்கு ஒரு நாக்காலி போயிருச்சு. கூட்டம் வேற இந்த வாரம் பெருசு. அப்பறம் வர்ற ஆளு நாக்காலி இல்லாம பக்கத்து ரூமுக்குள்ள போய் உக்காந்துக்கும். மிஷின் அத ஆளா எண்ணாது, பேரு பட்டியல்லயும் காட்டாது. அக்கா எப்பவும் பெரட்டுக்குக் கடைசியிலதான் வந்து நிக்கும்.

அந்தப் பக்கத்து ரூமுல என்ன இருக்குன்னு புரோகிராமப் பாத்தேன். மிஷின் திரையில காட்டுற செய்திய எழுதி வைக்கிற இடம் அது. "செமுவா சுடா பூலாங்"னு அது காட்டினப்பவே அக்கா பேரு மேல எழுதிருச்சு. அக்கா பேரு போயிருக்கும். ஆனா அந்தச் செய்தி சின்னது. பேருக்குப் பின்னாடி பிளாக் நம்பர் தப்பிச்சிருக்கலாம். அடுத்த செய்தி வந்தா அதுவும் அழிஞ்சுரும். அடுத்து வரப் போற செய்தி என்னான்னும் எனக்குத் தெரியும். பேட்டரி தீரப் போவுதுன்னு நீளமா ஒன்னு வரும்.

"யாரும் பேசாதீங்க"ன்னேன்.

மிஷின் நினைவு முழுசையும் லேப்டாப்புக்கு இழுக்க ஆரம்பிச்சேன். அது ஆமை வேகத்துல வந்துச்சு. மழை தகரக் கூரையில அடிக்கிற அடியில ஒன்னும் காதுல விழல. மண்டோர் ஒரு மூலையில நின்னு கைய கூப்பிக்கிட்டு எதையோ முணுமுணுத்தாரு. அக்கா ஆத்தோரம் நிக்கிற மாதிரி எனக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு. கண்ண மூடினா அதுதான் தெரிஞ்சுது, அதனால கண்ண மூடல. பேட்டரிக் கோடு மினுக்க ஆரம்பிச்சுது. "இரு, இரு, இருடா சனியனே"ன்னு அதப் பாத்துக் கெஞ்சினேன். லேப்டாப் முடிஞ்சுதுன்னு காட்டினதும் கேபிளப் புடுங்கினேன். மிஷின்ல சிவப்பா எச்சரிக்கை வந்துச்சு. திரை அணைஞ்சுருச்சு.

லேப்டாப்ல தேடினேன். நாப்பது பேரு தாண்டி, "செமுவா சுடா பூலாங்". அதுக்கு ஒட்டினாப்ல அடையாள அட்டை நம்பரோட வால் மட்டும். அக்கா நம்பர் எனக்கு மனப்பாடம். அதோட வால்தான். அதுக்குப் பின்னாடி பதினாலு.

"பதினாலு! பள்ளத்து பிளாக்கு!"

லேப்டாப்ப விட மனசு வரல. பிளாஸ்டிக் பையில சுத்தி மடியில வச்சுக்கிட்டு லாரியில ஏறினேன். வழியெல்லாம் செம்மண்ணு தண்ணியா ஓடுச்சு. லாரி ரெண்டு தடவ சறுக்கி ஓரத்து லோங்காங் வாய்க்கால்ல விழப் பாத்துச்சு. ஒவ்வொரு தடவையும் தேவன் அண்ணன் "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல"ன்னு எனக்கா அவருக்கான்னு தெரியாம சொன்னாரு.

பலகைப் பாலம் அங்க இல்ல. ஆறு அத அடிச்சுக்கிட்டுப் போயிருந்துச்சு. அந்தாண்ட ஒரு செம்பனை மரத்த ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டு அக்கா நின்னுச்சு. தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு. நான் கூப்பிட்டது அதுக்குக் கேக்கல. லாரி லைட்டப் பாத்துத்தான் தலைய நிமித்துச்சு.

தேவன் அண்ணன் கயித்த லாரியில கட்டினாரு. எறங்கினது மண்டோர்தான். நாங்க தடுத்தோம், கேக்கல. கயித்த இடுப்புல சுத்திக்கிட்டு தண்ணிக்குள்ள போனாரு. ஒரு தடவ தலை முழுகிப் போச்சு, எனக்கு உசுரே நின்னுருச்சு. அப்பறம் எழும்பிட்டாரு. ரெண்டு பேரையும் நாங்க இழுத்து வெளிய கொண்டு வந்தோம். அக்கா என் மேல வந்து விழுந்துச்சு. ஒடம்பு ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன்.

"ஏன்டி நீ வந்த? தண்ணியில போயிருந்தா?"ன்னு என்னையே திட்டுச்சு. அப்பத்தான் எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

லாரிக்குள்ள ஏத்தி, மண்டோர் சட்டையையும் சாக்கையும் போத்தி விட்டேன். பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்கிச்சு. தேவன் அண்ணன் லாரியத் திருப்பிக்கிட்டிருந்தாரு. "வீட்டுக்குப் போயி சுடுதண்ணி ஊத்தணும்க்கா, அப்பறம் ஆஸ்பத்திரி"ன்னு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்தேன். சந்தோஷத்துல என்னா பேசுறேன்னே தெரியல.

அக்கா திடீர்னு நிமிந்து கேட்டுச்சு. "மஹ்ருப் வந்துட்டானா?"

"யாரு?"

"அதான், இந்தோனேசியாவுலேர்ந்து புதுசா வந்த லொம்போக்காரன். இன்னிக்குத்தான் மொத நாளு. காலையில எனக்குப் பின்னாடி நின்னு பேரு குடுத்தான். மத்தியானத்துக்கு மேல நான் பாக்கல."

லாரி நின்னுருச்சு. தேவன் அண்ணன் பிரேக்கப் போட்டது எனக்குத் தெரியல. மண்டோர் அவரப் பாத்தாரு, அப்பறம் என்னைப் பாத்தாரு. அவன் லாரியில ஏறினத யாரும் பாக்கல. ஏறலன்னும் யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல. காண்டிராக்ட் ஆளுங்க தனிக் கொட்டாயில இருக்கிறவங்க, அவங்க கணக்கு எங்க யாருக்கும் தெரியாது.

"எனக்குப் பின்னாடி நின்னு." அக்கா சொன்ன அந்த வார்த்தை மட்டும் மண்டைக்குள்ள சுத்திச்சு. நான் பிளாஸ்டிக் பையப் பிச்சு லேப்டாப்பத் தொறந்தேன். பதினாலுங்கிற நம்பர் வரைக்கும் பாத்து, கத்திக்கிட்டு ஓடினேன்லா. அதுக்குக் கீழ நான் பாக்கல. ஒரே ஒரு வரி கீழ தள்ளினேன்.

முழுப் பேரும் இருந்துச்சு. அக்கா பேரையாவது செய்தி தின்னுருச்சு, இவன் பேரு மேல ஒன்னும் எழுதல. ஒரு எழுத்து அழியாம, பளிச்சுன்னு, மஹ்ருப். ஆறாம் பிளாக். ஆபிஸ்ல உக்காந்திருந்தப்பவே அது என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு.

"ஆறாம் பிளாக்குன்னா ஆத்தங்கரை"ன்னாரு தேவன் அண்ணன்.

அவரு லாரிய முறிச்சுத் திருப்பினாரு. அக்காவ எறக்கி விட்டுட்டுப் போலாம்னு சொல்ல எனக்கு வாய் வந்துச்சு. அக்கா என் கைய இறுக்கிப் புடிச்சுது. நான் சொல்லல.

பயம்னா என்னான்னு அந்த ரோட்டுலதான் எனக்குத் தெரிஞ்சுது. அக்காவுக்காகப் பயந்தப்ப எனக்குக் கோவம் இருந்துச்சு, அழுகை இருந்துச்சு, சாமி பேரு இருந்துச்சு. இவனுக்காகப் பயப்பட என்கிட்ட ஒரு மொகம் கூட இல்ல. கறுப்பா செவப்பா, நெட்டையா குட்டையா, ஒன்னும் தெரியாது. அவன் செத்துக் கெடந்தா நாளைக்குக் காலையில மிஷின் என்னா சொல்லும்னு யோசிச்சேன். ஒன்னும் சொல்லாது. பச்சையாத்தான் இருக்கும்.

ஆறாம் பிளாக்குல ரோடு முடியிற இடத்துல தேவன் அண்ணன் ஹார்ன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. ஆத்துத் தண்ணி மரத்துக்கு நடுவுல பழுப்பா வந்து நின்னுச்சு. நாங்க நாலு பேரும் கத்தினோம். மஹ்ருப், மஹ்ருப். அக்கா தொண்டை கிழியக் கத்துச்சு. பதில் இல்ல. மண்டோர் தண்ணிக்குள்ள காலு வச்சு மறுபடி மறுபடி கூப்பிட்டாரு.

அப்பறம்தான் தேவன் அண்ணன் கைய நீட்டினாரு. பழக் குலைய அடுக்கி வைக்கிற சிமெண்டு மேடை ஒன்னு தண்ணிக்கு மேல கொஞ்சூண்டு தெரிஞ்சுது. அது மேல ஒரு ஆளு குத்த வச்சு உக்காந்திருந்தான். நாப்பது வயசு இருக்கும். உதிரிப் பழ சாக்க நனையாம மடியில தூக்கி வச்சிருந்தான். சத்தம் போடத் தெம்பு இல்ல, கைய மட்டும் ஒரு தடவ தூக்கிக் காட்டினான்.

மண்டோர் போய் அவனத் தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு வந்தாரு. லாரியில உக்கார வச்சதும் அவன் மொதல்ல சாக்கத் தள்ளி மண்டோர் கால்கிட்ட வச்சான். அப்பறம் என்னைப் பாத்தான். என் சட்டையையும் லேப்டாப்பையும் பாத்து ஆபிஸ் ஆளுன்னு நெனச்சிருப்பான். ரெண்டு கையையும் கூப்பினான், ஒதறல்ல வார்த்தை ஒடைஞ்சு ஒடைஞ்சு வந்துச்சு.

"மாஃப், காக். சாயா லம்பாட்."

மன்னிச்சுருங்கக்கா, நான் லேட்டாயிட்டேன்னு சொன்னான்.

அக்கா போத்தியிருந்த சாக்க எடுத்து அவன் மேல போட்டுச்சு. மண்டோர் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. நான் மன்னிப்புக் கேக்கணும்னு வாயத் தொறந்தேன், மலாய்ல ஒரு வார்த்தை கூட வரல.